பெரகல துறைமுகத்தைத் தாக்கிய ஐந்து மன்னர்கள்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். பதுளை டவுனில் ஒரு புடைவைக் கடையின் மாடியில் கணினி வகுப்பு நடந்தது. அங்கே நான்தான் ஆசிரியை. ஆறு கணினிகள் இருந்தன. ஆனால் ஒரே நேரத்தில் நான்கைத்தான் போடலாம். ஐந்தாவதைப் போட்டால் கீழே கடையில் விளக்கு அணைந்து, முதலாளியின் குரல் படியேறி வரும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் முடித்து, பண்டாரவளையில் ஒரு வருடம் கணினி டிப்ளோமா படித்துவிட்டு வந்திருந்தேன்.

காலையிலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகள் வருவார்கள். நடுவில் மதியம் இரண்டு மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நான் அரசி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சீடி விற்கும் கடையில் கிடைத்த விளையாட்டு அது. மத்தியகால ஐரோப்பா. நீங்கள் ஓர் அரசர். ஊர்களை வளர்க்கலாம், கோட்டை கட்டலாம், படை திரட்டலாம். உங்கள் முறை முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உடனே மற்ற அரசர்களெல்லாம் தங்கள் காய்களை நகர்த்துவார்கள். அவர்களை ஆட்டுவிப்பது கணினி. என்னிடம் இருந்தது மூல விளையாட்டு இல்லை. வெளிநாட்டு ரசிகர் ஒருவர் அதன் வயிற்றைக் கிழித்து, தன் விருப்பப்படி மாற்றித் தைத்த பதிப்பு. மோட் என்று சொல்வார்கள். அந்த ரசிகர் யாரென்று தெரியாது. ஆனால் நல்ல மனிதராக இருந்திருக்க முடியாது. இலகு, நடுத்தரம், கடினம், மிகக் கடினம் என்று நான்கு நிலைகள் வைத்திருந்தார். நான்கிலும் ஒரே மாதிரித்தான் தோற்பேன்.

அதன் ஊர்ப்பெயர்களை மாற்றியது நான். ஒரு பெயரைத் தேடி அதற்குப் பதில் இன்னொன்றைப் போடுவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டியிருந்தது. விளையாட்டின் பெயர்ப் பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பாக இருந்ததால், அதையே பயிற்சியாகக் கொடுத்தேன். வாயில் நுழையாத ஐரோப்பியப் பெயர்களையெல்லாம் பிள்ளைகள் ஒரே மதியத்தில் அழித்து, தங்களுக்குத் தெரிந்த ஊர்களைப் போட்டார்கள். பதுளை, பசறை, வெலிமடை, அப்புத்தளை, லுணுகலை, மொனராகலை, பெரகல. பெயர்கள் மாறின. வரைபடம் மாறவில்லை. ஆகவே மொனராகலையில் ஆறு மாதம் பனி பெய்தது. லுணுகலை பாலைவனத்தின் ஓரத்தில் இருந்தது. பெரகல ஒரு பெரிய துறைமுகம். அதில் எப்போதும் நாலைந்து பாய்க்கப்பல்கள் நின்றன. நிஜத்தில் பெரகல என்பது அப்புத்தளைக்குக் கீழே மலைச்சரிவில் நான்கு கடைகளும் ஒரு சந்தியும். அங்கே நிற்பவை மூச்சு வாங்கும் லொறிகள் மட்டும்தான்.

அந்த ஊர்களுக்குள்தான் படவரைஞர் வந்து சேர்ந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிலம் அளக்கும் அரசாங்க அலுவலகமொன்றில் வரைபடம் கீறும் உத்தியோகம். ஐம்பது வயது தாண்டியிருந்தது. போரால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்ததால், லீவு கிடைத்தாலும் பதுளையிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். இனிமேல் பதவி உயர்வு வேண்டுமென்றால் கணினிச் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து அனுமதி வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் என் முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு மவுஸ் வசப்படவில்லை. பேனையால் மயிரிழைக் கோடு கீறும் கை, மவுஸைத் தொட்டதும் ஆட்டுக்குட்டியைப் பிடித்ததுபோல் தடுமாறியது. பிடிக்கப் போனால் அம்புக்குறி திரைக்கு வெளியே ஓடி ஒளிந்துகொள்ளும். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு, கை பழகட்டும் என்று விளையாட்டைத் திறந்து அவரைப் பதுளை மன்னராக உட்கார வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"பிள்ளை, பெரகலயிலை எப்ப கடல் வந்தது?"

"அது சும்மா பேர் மட்டுந்தாங்க சேர். படம் வேற நாட்டுப் படம்."

"மொனராகலை வடக்கிலை கிடக்குது."

"ஆமாங்க."

"நான் முப்பது வருசமா இந்த மாகாணத்தைக் கீறுறன். இதைப் பாத்துக்கொண்டு என்னாலை இருக்க ஏலாது. திருத்தும்."

பெயரை மாற்றலாம், மலையையும் கடலையும் மாற்ற எனக்குத் தெரியாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, கிடைச்ச நாட்டைத்தானே ஆள வேணும்" என்றார். அன்று முதல் ஆண்டார்.

நல்ல ஆட்சி. பள்ளிக்கூடம் மாதிரி ஏதோ ஒன்றை ஊர் ஊராகக் கட்டினார். பாதைகளுக்கெல்லாம் கல் பதித்தார். படை மட்டும் திரட்டவில்லை. "நான் ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகேல்லையே, எனக்கு ஏன் படை?" என்றார். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பசறை, வெலிமடை, அப்புத்தளை, மொனராகலை, லுணுகலை ஆகிய ஐந்து நாட்டு மன்னர்களும் ஒரே முறையில் அவருடைய பெரகல துறைமுகத்தைத் தாக்கினார்கள். அங்கே இருந்த காவல், ஈட்டி வைத்திருந்த ஒரு கூட்டம் குடியானவர்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. மறுநாள் வரும்போது ஒரு கடிதம் கொண்டு வந்தார். அலுவலகக் கடிதம் போலவே இடது பக்கம் ஓரம் விட்டு, கீழே கோடு போட்ட தலைப்புடன்: 'பெரகல துறைமுகம் மீதான நியாயமற்ற தாக்குதல் தொடர்பானது.' எனக்கு முகவரியிட்டிருந்தார். மற்ற ஐந்து மன்னர்களுக்கும் தங்களுக்குள் எல்லைத் தகராறு இருந்தும் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒருவரையே தாக்குவது எந்த இராச்சிய வழக்கத்திலும் இல்லாதது என்று எழுதியிருந்தார். கடைசிப் பந்தியில், லுணுகலை மன்னரின் நடத்தை குறிப்பாக வருந்தத்தக்கது என்றிருந்தது.

"உம்மடை ஊர் ராசா, பிள்ளை. போன கிழமைதான் அவரோடை சமாதானம் செய்தனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் ஏன் என்று தெரியாது. உண்மையாகவே எங்கள் ஊர்க்காரர் யாரோ அவரை ஏமாற்றிவிட்டதைப் போல உணர்ந்தேன். பாலில்லாத பிளேன்டி போட்டுக் கொடுத்து, விஷயத்தை விளக்கினேன். கணினிக்கு யோசிக்கத் தெரியாது. முட்டாள்தனமாகத்தான் விளையாடும். அதோடு விளையாடுபவருக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க, இதைச் செய்தவர்கள் இரண்டு தந்திரம் செய்திருக்கிறார்கள். ஒன்று, கணினி மன்னர்களுக்கு ஒவ்வொரு முறையும் சும்மா படைவீரர்கள் கிடைப்பார்கள். இரண்டாவது, மனிதராக விளையாடுபவரைக் கண்டால் அவர்கள் எல்லோருக்கும் பிடிக்காது.

அவர் கோப்பையை வைத்தார்.

"அப்ப இது கெட்டித்தனம் இல்லை. சலுகை."

"ஆமாங்க சேர்."

"அந்தச் சலுகையை எங்கை எழுதி வச்சிருக்கினம்?"

அது இன்னொரு கோப்பில் இருந்தது. திறந்தால் எண்களாக நிறைந்து கிடந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அந்த ரசிகர் விளக்கம் எழுதியிருந்தார், அவருடைய மொழியில். அது என்ன மொழி என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லின் தலையில் இரண்டு புள்ளிகள் இருந்தன. படவரைஞர் அதைப் பார்த்து, "இதுதான் கோபமா இருக்கும்" என்றார். அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்தேன்.

அது கோபம் இல்லை. என்னவென்று நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஐந்து நாட்டுப் படைகளும் கிளம்பி வந்து, பெரகலவுக்கு வெளியே ஒரு சந்தியில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. யாரும் யாரையும் தாக்கவில்லை. முன்னால் நிற்பவர் போகட்டும் என்று பின்னால் நிற்பவர் காத்திருப்பது போலிருந்தது. பத்து முறை, இருபது முறை பொத்தானை அழுத்தினோம். ஒருவரும் அசையவில்லை. மலையேறும் பாதையில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டால் ஆகிற கதைதான். இதற்குள் மற்ற மன்னர்கள் வயதாகிச் செத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பட்டத்துக்கு வந்தார்கள். படைகள் அங்கேயே நின்றன. இந்த அமைதிக்குள் படவரைஞர் கொஞ்சம் ஆள் சேர்த்து, பெரகலவைத் திருப்பிப் பிடித்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆட்சி எண்டால் கொஞ்சமாவது தலையிடி வேணும் பிள்ளை. இது பென்சன் எடுத்தமாதிரிக் கிடக்குது."

இன்னொரு எண்ணைத் தொட்டேன். கூட்டினேன். இந்தத் தடவை வந்தவர்கள் இளவரசிகள்.

அந்த விளையாட்டில் அரசர்களின் மகள்களைத் தூது அனுப்பலாம், திருமணம் பேசலாம். நான் கூட்டிய எண் அதற்குரியதாக இருக்க வேண்டும். ஐந்து நாடுகளிலிருந்தும் இளவரசிகள் சாரி சாரியாக வந்து பதுளைக் கோட்டைக்கு வெளியே நின்றார்கள். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு சம்பந்தம் வந்தது. வேண்டாமென்று சொன்னால் அடுத்த முறை அதே பெண் திரும்பவும் வருவாள். படவரைஞரின் பட்டத்து இளவரசனுக்கு அப்போது வயது நான்கு.

நாங்கள் இருவரும் பெண் பார்ப்பதைப் பற்றி ஒரு வாரமாகச் சத்தம் போட்டு விவாதித்ததைக் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒரு நாள் மேலே வந்தார். அவர் பதுளையில் பல காலமாகப் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். மாடியும் கணினிகளும் அவருடையவைதான்.

"மிஸ், நான் கம்பியூட்டர் கிளாஸ் நடத்தத்தான் இடம் தந்தீக்கிறேன். கலியாணத் தரகு செய்யிறதுண்டா எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். கீழ நான் கூறைச் சாரி விக்கிறேன்."

விஷயத்தைச் சொன்னோம். அவர் திரைக்கு முன்னால் குனிந்து, நிற்கும் இளவரசிகளை வரிசையாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மொனராகலைப் பெண்ணைக் கட்டச் சொன்னார். அந்தப் பக்கம் கரும்பு இருக்கிறது என்றார். அந்த நாட்டில் கரும்பு இல்லை, பனியும் மீனும்தான் என்று படவரைஞர் சொன்னதும் மனிதர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்ப வாணாம்" என்று எழுந்து போனார். ஆனாலும் அதற்குப் பிறகு மதியம் தொழுகை முடிந்து வந்ததும், கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு ஒரு தடவை மேலே எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

இப்படி நானும் படவரைஞரும் எண்களைத் தொட்டுத் தொட்டு, ஒரு நாள் மன்னர்கள் எல்லோரையும் கடலில் இறக்கிவிட்டோம், இன்னொரு நாள் எல்லா நாடும் தேவாலயம் கட்டுவதிலேயே அழிந்தது. கடைசியில் பழைய எண்களுக்கே திரும்பினேன். திரும்பிய அன்றே ஐந்து பேரும் பெரகலவைச் சூழ்ந்துகொண்டார்கள். முற்றுகை. அந்த நேரத்தில்தான் தலைவர் படியேறி வந்தார்.

தலைவர் என்றால் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவருடைய மகள் என்னிடம் படித்தாள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்க வந்தவர், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த படவரைஞரைப் பார்த்து என்ன பிரச்சினை என்று விசாரித்தார். பிரச்சினை என்ற சொல் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி. உட்கார்ந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, இவர் பாடுபட்டு ஆள் சேக்கிறாரு. அந்த அஞ்சு பேருக்கும் சும்மாவே ஆள் வருது."

"ஆமாங்க."

"அஞ்சு பேரும் ஒத்துமை. இவரு தனி ஆளு."

"ஆமாங்க."

"அப்ப இது அநியாயந்தானே டீச்சரம்மா? இதுக்கு யாரு பொறுப்பு? யாருகிட்டப் பேசணும்?"

கணினியோடு பேச முடியாது என்றேன். அந்தக் கோப்பைத் திறந்து எண்களை மாற்றுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"அப்பறம் என்ன? நீங்கதான் நிர்வாகம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசையைத் தள்ளி நடுவில் போடச் சொன்னார். படவரைஞரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என்னை எதிர்ப்பக்கம் தனியாக உட்காரச் சொன்னார். என் அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் அந்தப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். ஐந்து மன்னர்களின் சார்பில்.

முக்கால் மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. சும்மா வரும் படை முழுவதையும் நிறுத்த வேண்டும் என்று தலைவர் தொடங்கினார். அப்படிச் செய்தால் கணினி மன்னர்கள் எழுந்தே நிற்கமாட்டார்கள், விளையாட்டு சப்பென்று போய்விடும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தோட்டம் நட்டத்தில் ஓடுது என்று துரைமார் சொல்கிற அதே தொனி என் குரலில் வந்திருப்பது காதில் விழுந்தது. தலைவருக்கும் விழுந்திருக்கும். "எல்லா நிர்வாகமும் இதத்தான் சொல்லுது" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மன்னர்களை விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். இடையில் வந்த முதலாளி நடுநிலைச் சாட்சியாக உட்கார்ந்தார். முடிவில் மூன்று அம்சங்களில் உடன்பாடு வந்தது. இலவசப் படை பாதியாகக் குறையும். ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளுக்கு மேல் தாக்கக்கூடாது. தாக்குவதற்கு ஒரு முறை முன்னால் அறிவிக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் போர் கூடாது என்று நாலாவதாக ஒன்றைத் தலைவர் கேட்டார். அந்த விளையாட்டில் தீபாவளி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாததால் கைவிடப்பட்டது.

தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் இலவசப் படையின் எண் மட்டும் எனக்குப் பிடிபட்டிருந்தது; ஆகவே மூன்றில் முதலாவதை மட்டும்தான் என்னால் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். பேச்சுவார்த்தை முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஒப்பந்தத்தைப் படவரைஞரே எழுதினார். கூடவே ஒரு வரைபடமும் கீறி இணைத்தார். அச்சில் எடுத்த மாதிரி எழுத்து. நாட்டு எல்லைகள் கறுப்பு மையில், பாதைகள் மண்ணிறத்தில், எதிரிப்படைகள் வந்த வழிகள் சிவப்பு அம்புக்குறிகளாக. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் படைத்தொகை. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. அவர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பை, அந்தக் காலம், அந்தப் படம் மூன்றும் ஒரு இடத்தில் சந்திக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பகல் அவர் பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். அங்கே அவருடைய ஊர் நண்பர் ஒருவர் இருந்தார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைப் பார்த்தார்கள். யாழ்ப்பாண விலாசத்தில் ஓர் அடையாள அட்டை. பையைத் திறந்தால், ஊவா மாகாணத்து ஊர்கள் குறித்த வரைபடம். பெரகலவை நோக்கி ஐந்து சிவப்பு அம்புகள். லுணுகலையிலிருந்து ஆயிரத்து இருநூறு பேர். கூடவே, தாக்குவதற்கு ஒரு முறை முன்னால் அறிவிப்பதாக நிர்வாகத்தின் சார்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். கையெழுத்து என்னுடையது.

சாவடியிலிருந்து கடைக்குத் தொலைபேசி வந்தது. முதலாளி படியில் நின்று கூப்பிட்டபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. அவருடைய வான் வண்டியிலேயே போனோம். வழியெல்லாம் அவர் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் என் கையெழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னக் காரணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களை எனக்குத் தெரியும். விளையாட்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே அப்போது நம்பிக்கை வரவில்லை.

சாவடியில் படவரைஞர் ஒரு நீள மர வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தார். மேசையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பொலிஸ் சார்ஜன் நின்றார். சிங்களவர், கடைத்தெருத் தமிழ் பேசுவார். எங்களைக் கண்டதும் பெரகலவின் மேல் விரலை வைத்தார்.

"மிஸ், என் அம்மா வீடு பெரகல. நான் பொறந்தது அங்க. இது என்ன, நீலம்?"

"கடல், சேர்."

"பெரகலயில?"

படவரைஞர் வாங்கிலிருந்து எழுந்துவிட்டார். "அதைத்தான் சேர் நானும் மூண்டு மாசமாச் சொல்லுறன்! இந்தப் பிள்ளை திருத்த மாட்டன் எண்டுது!"

சார்ஜன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெரகலவில் கடல் இருப்பதாக நம்பும் ஆட்கள் தாக்குதலுக்குத் திட்டம் போட்டிருக்க முடியுமா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விட முடியாது என்றார். வானில் அவரும் ஏறினார். ஒரு கான்ஸ்டபிளும் துப்பாக்கியுடன் ஏறினார். எல்லோருமாகப் பதுளைக்குத் திரும்பினோம்.

மாடியில் கணினியைப் போட்டேன். பதுளை இராச்சியம் திரையில் வந்தது. ஊர்ப்பெயர்களை சார்ஜன் ஒவ்வொன்றாக வாசித்து, படத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி. இப்ப தாக்குதல் காட்டுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒப்பந்தப்படி இலவசப் படையைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ஆள் போதாத மன்னர்கள் முற்றுகையைக் கைவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பொத்தானை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வெலிமடை ஒரு சந்தை கட்டியது. மறுபடியும் அழுத்தினேன். லுணுகலை மன்னருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"மிஸ், அம்பு எங்க?"

"வரும், சேர்."

எட்டு முறை அழுத்தியிருப்பேன். ஐந்து நாடும் அவ்வளவு நல்ல அயலவர்களாக அதற்கு முன்பு இருந்ததே இல்லை. அப்புத்தளை எங்களுக்கு ஒரு பரிசு அனுப்பியது. முதலாளி எனக்குப் பின்னால் நின்று, "அடிங்களேன்டா" என்று மெல்லச் சொன்னார். படவரைஞர் லுணுகலை மன்னரின் படத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், இப்போது அவரை நம்பித்தான் நின்றார்.

விளையாட்டை மூடி, கோப்பைத் திறந்து, பழைய எண்களை அப்படியே போட்டேன். நிலையையும் மிகக் கடினத்துக்கு ஏற்றினேன். திரும்பத் திறந்து ஒரு முறை அழுத்தினேன். இரண்டாவது முறை அழுத்தியதும் பசறை கிளம்பியது. பின்னால் மொனராகலை. மூன்றாவதில் ஐந்து கொடிகளும் பெரகலவைச் சுற்றி நின்றன.

"வந்திட்டாங்கள்!" என்று படவரைஞர் கத்தினார். முதலாளி என் தலையில் கைவைத்தார். கான்ஸ்டபிள்கூடத் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். அம்புக்குறியில் எழுதியிருந்தபடியே லுணுகலைப் படை பாலைவனப் பக்கத்திலிருந்து வந்து வாசலை உடைத்தது. பெரகல விழுந்தது. எங்களுக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

சார்ஜனுக்கு மட்டும் முகம் கறுத்திருந்தது. அவர் படவரைஞரைப் பார்த்தார்.

"ஏன் பெரகலயில ஆள் வைக்கல்ல?"

"நான் சமாதானமா இருக்கிறன் சேர்."

"சமாதானம் சரி. ஆனா பெரகல சந்தி பிடிச்சா எல்லாம் பிடிச்சது. கொழும்பு றோட் அங்கதான் வருது, வெல்லவாய றோட் அங்கதான் வருது. ஆள் வைக்காம இருக்கிறதா?" உண்மையான கோபம். பிறந்த ஊரை ஒருவர் கவனியாமல் விட்டதற்கான கோபம். கதிரையில் உட்கார்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டு, எங்கே வில்லாளிகளை நிறுத்த வேண்டும், எங்கே மரம் வெட்டிப் போட வேண்டும் என்று கால் மணி நேரம் படிப்பித்தார். பிறகு ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தார். படத்தை மட்டும் கிழித்துவிடச் சொன்னார். "வேற செக் பொயின்ட்ல பெரகல ஆள் இருக்க மாட்டாங்க" என்றார். படவரைஞர் தன் கையாலேயே கிழித்தார். நான்காகக் கிழித்து, மறுபடி நான்காகக் கிழித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விஷயம் தலைவருக்கு எட்ட மூன்று நாள் ஆனது. அவர் வந்து கேட்டது பொலிஸைப் பற்றி இல்லை.

"ஒப்பந்தத்த மீறிட்டீங்களே டீச்சரம்மா. கையெழுத்துப் போட்ட ஒரு கெழமைக்குள்ள பழைய கணக்குக்கே போயிட்டீங்களே."

"அவரக் காப்பாத்தத்தாங்க."

"எல்லா நிர்வாகமும் இதத்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, படவரைஞரை வேலை நிறுத்தத்தில் இறக்கினார். ஒரு வாரம் மனிதர் மதியம் வந்து கணினிக்கு முன்னால் உட்கார்வார், மவுஸைத் தொடமாட்டார். சரியாக ஒரு மணி நேரம் கழிந்ததும் எழுந்து போவார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. எட்டாம் நாள் அவரே அலுத்துப்போய், "தலைவரிட்டைச் சொல்லாதையும்" என்று பொத்தானை அழுத்தினார்.

சான்றிதழ்ப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். திரையில் ஒரு பெட்டி கீறி, அதற்குள் அட்டவணை போட வேண்டும். படவரைஞரின் அம்புக்குறி ஒரு தடவைகூட வெளியே ஓடவில்லை. அட்டவணைக்கு என்ன போடுவது என்று கேட்டபோது, பரீட்சகர் ஏதாவது ஐந்து பேரின் வருகைப் பதிவைப் போடச் சொன்னார். அவர் ஐந்து மன்னர்களைப் போட்டார். நல்ல பெறுபேறுடன் சித்தியடைந்தார். அடுத்த மாதமே பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது.

போகிற அன்று காலை பெட்டியோடு மாடிக்கு வந்தார். முதலாளி பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது படவரைஞர், "உண்மையைச் சொல்லும் பிள்ளை. நான் நல்லா விளையாடினனானா?" என்று கேட்டார்.

"இல்லங்க சேர்" என்றேன். "ஆனா ஒண்ணு. நீங்க ஒரு தடவைகூடத் திருப்பி ஏத்தல. நானா இருந்தா, தோத்த உடனே சேமிச்சு வச்ச பழைய இடத்துக்குப் போய், திரும்பவும் முதல்ல இருந்து ஆடியிருப்பேன். நீங்க தோத்தா தோத்ததுதான்னு இருந்தீங்க. அத நெனச்சு நான் எத்தனையோ நாள்..."

அவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"பழைய இடத்துக்குப் போகலாமோ?"

"ஆமாங்க. ஒவ்வொரு நாளும் நான் சேமிச்சு வச்சிருக்கேன். அந்தச் செவ்வாய்க்கிழமைகூட இருக்கு."

"இதை ஏன் பிள்ளை நீர் எனக்குச் சொல்லேல்லை?"

உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றேன். அது பெருந்தன்மை என்று நினைத்து, அவரைப் பற்றி வீட்டில்கூடப் பெருமையாகப் பேசியிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் படிக்கட்டையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு முதலாளியிடம், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பதினொன்றரைக்கு என்றார் முதலாளி. படவரைஞர் கதிரையை இழுத்துப் போட்டார். எண்களைப் பழையபடியே வைக்கச் சொன்னார், மிகக் கடினம். சார்ஜன் சொன்ன இடத்தில் வில்லாளிகளை நிறுத்தினார். மரம் வெட்டிப் போட்டார். தோற்றார். திருப்பி ஏற்றச் சொன்னார். முதலாளி சொன்னபடி மொனராகலைப் பெண்ணைக் கட்டி வைத்தார். தோற்றார். மூன்றாவது தடவை யார் சொன்னதையும் கேளாமல், குடிமக்கள் எல்லோரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு பெரகலவைக் காலியாகவே விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டார். ஐந்து மன்னர்களும் வெறும் துறைமுகத்துக்குள் புகுந்து, இடத்துக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதை அவர் கொஞ்ச நேரம் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பிள்ளை" என்று எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பெட்டியை முதலாளி கடை ஆளிடம் கொடுத்து அனுப்பினார். நான் பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். ஜன்னலோர சீட் கிடைத்தது அவருக்கு.